இரண்டாம் மாடியில் நகர்ந்த குழாய்

அத்தியாயம் 14

விழுப்புரம் போகிற காலை பாசஞ்சரில் அன்று சங்கவிக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. யாரோ ஒரு பெரியவர் வந்து, "ஆள் வருதாம்மா?" என்று கேட்டபோது பழக்கதோஷத்தில் "வருதுங்க" என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க, இன்னைக்கு வரல. உக்காருங்க."

இரண்டு வருஷமாக அந்த இடம் கலைப்பிரியாவினுடையது. உறவில் நாத்தனார். ஆனால் திண்டிவனத்தில் ரயில் கிளம்பியதும் இருவரும் தோழிகள் ஆகிவிடுவார்கள். வீட்டில் பேச முடியாததெல்லாம் பேரணி தாண்டுவதற்குள் பேசித் தீர்ந்துவிடும். ஒரே அலுவலகம், ஒரே டிபன் பை, திரும்பும்போது ஒரே முழம் பூவில் ஆளுக்குப் பாதி.

போன ஞாயிற்றுக்கிழமையோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. "வெள்ளிக்கெழம சாயங்காலம் செஞ்சியில இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க" என்று வீரம்மாள் சொன்னதும், கலைப்பிரியா பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்தாளே, அதற்குப் பிறகு ரயிலில் சங்கவி எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணுமில்ல அண்ணி."

அந்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. கலைப்பிரியா லீவு. சங்கவிக்கு லீவு கிடைக்கவில்லை.

"நாலு மணிக்கெல்லாம் வூட்ல இருக்கணும், சொல்லிட்டேன். ஒண்டியா என்னால எல்லாத்தயும் பாக்க முடியாது" என்று மாமியார் காலையில் தெருமுனை வரை கேட்கும்படி சொல்லியிருந்தாள். கணவன் மணிமாறன் பைக்கை உதைத்துக்கொண்டே, "லேட் பண்ணிடாத சங்கவி. அவங்க பெரிய எடம்" என்றான். மாமனார் சீனுவாசன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் அதிகம் சொல்லுகிறவர் இல்லை. கொல்லி என்று அவர்கள் சொல்லும் ஓமந்தூர்ப் பக்கத்து நிலத்துக்குக் கிளம்புவதா, இன்று வீட்டிலேயே இருப்பதா என்று யோசிப்பவர் போலத் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

* * *

விழுப்புரத்தில் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. ஏழெட்டுக் கம்ப்யூட்டர்கள். கட்டடங்களுக்குள் ஓடப்போகிற காற்றுக் குழாய், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் கட்டுவதற்கு முன்னாலேயே திரையில் வரைந்து, எது எதன்மேல் இடிக்கிறது என்று பார்த்துக் கொடுக்கிற வேலை. ஏ.சி. காற்று போகும் பெரிய தகரக் குழாயை அங்கே எல்லாரும் 'டக்ட்' என்பார்கள். சங்கவி டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்தவள். கலைப்பிரியாவைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

பையை வைத்துவிட்டு உட்கார்ந்ததும் அலுவலகத்தின் உரிமையாளர் வேங்கடேசன் செல்போனைப் பார்த்தபடியே அவளிடம் வந்தார்.

"சங்கவி, திண்டிவனம் ஆஸ்பத்திரி ஜாப்ல, ரெண்டாவது மாடி பீம்ல புதுசா ஹோல் போடச் சொல்லி நாம டிராயிங் குடுத்தோமா?"

"புது ஹோலா? இல்லீங்களே சார். கான்கிரீட் போடறப்பவே டிரெயின் பைப்புக்கு ஓட்டை விட்டாச்சே."

"சைட் இன்ஜினியர் நடராசன் மெசேஜ் போட்டிருக்காரு. நாம கடைசியா அனுப்புன டிராயிங்ல பில்லர ஒட்டி மார்க் ஆயிருக்காம். மிஷின்காரங்க வந்துட்டாங்களாம், போட்டுரலாமான்னு கேக்கறாரு. மெசேஜ் வந்து அர மணி நேரம் ஆவுது. நான் இப்பதான் பாக்கறேன்."

சங்கவி அவசரமாக அந்த மாடியைத் திறந்தாள்.

அந்த சாஃப்ட்வேரில் ஒரு குணம் உண்டு. டக்ட்டை ஏ.சி. பெட்டியோடு இணைத்துவிட்டால், நிஜத்தில் முடுக்கியது போலவே இரண்டும் சேர்ந்துகொள்ளும். டக்ட்டைப் பிடித்து இழுத்தால் பெட்டி கூடவே வரும். பெட்டியில் இருந்து தண்ணீர் வடிகிற டிரெயின் பைப்பும் அதன் பின்னாலேயே வரும். ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டாம் என்பது வசதி. நாம் ஓர் அறையைப் பார்த்துக்கொண்டிருக்க, நமக்குத் தெரியாமல் பக்கத்து அறையில் இன்னொன்று நகர்ந்துவிடும் என்பது ஆபத்து. அதனால் நகரக் கூடாத பெட்டிக்கு ஒரு பின் குத்தி வைப்பார்கள். திரையில் குண்டூசி போல ஒரு குட்டிப் படம். அது இருக்கிறவரை எவ்வளவு இழுத்தாலும் பெட்டி அசையாது.

இரண்டாம் மாடிப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சங்கவி தன் கையால் பின் குத்தியிருந்தாள்.

மூலையில் இருந்த ஒரு பெட்டியில் இப்போது பின் இல்லை.

பெட்டி இடம் மாறியிருந்தது. அதோடு சேர்ந்து டிரெயின் பைப்பும் போய், ஏற்கெனவே விட்டிருந்த ஓட்டையைவிட்டு விலகி, பீமும் பில்லரும் சேருகிற இடத்தில் நுழைந்திருந்தது. உள்ளே கம்பி நெருக்கிக் கட்டியிருக்கிற இடம் அது. அங்கே துளைத்தால் அறுபடப்போவது கம்பிதான். மேலே இன்னும் இரண்டு மாடி வர வேண்டிய கட்டடம்.

"சார், நிறுத்தச் சொல்லுங்க! ஹோல் போடக் கூடாது!"

வேங்கடேசன் நடராசனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

சைட்டுக்குப் பேசுவதற்கென்று ஓர் ஆபீஸ் மொபைல் கலைப்பிரியாவின் மேஜையில் இருந்தது. சங்கவி ஓடிப்போய் அதை எடுத்தாள். கடைசியாகப் பேசியவர்கள் வரிசையில் முதலில் இருந்த பெயர், 'டக்ட் சூப்பர்வைசர்'. அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"இன்னா கலை, லீவுன்னு சொன்ன, ஆபீஸ் போன்ல இருந்து பேசற? அழுதுக்கினு இருக்கியா? வூட்ல சொல்லிட்டியா இல்லியா?"

ஓர் ஆணின் குரல். கெஞ்சலும் உரிமையும் கலந்த குரல். அதற்குப் பின்னால் மிஷின் இரையும் சத்தம்.

இவன் யார் என்று கேட்க வாயெடுத்தாள் சங்கவி. ஆனால் அந்த இரைச்சல் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்தது.

"நான் சங்கவி பேசறேன். கலையோட அண்ணி."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் விடவில்லை.

"மத்தத அப்பால பேசலாம். ரெண்டாவது மாடியில மிஷின் ஓடுதா? நிறுத்துங்க! டிராயிங் தப்பு. ஓடுங்க!"

ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. எதுவோ தகரம் சரிந்து விழுந்தது. "டேய் நிறுத்துடா! நிறுத்து!" என்ற கூச்சல். இரைச்சல் இன்னும் அருகில் வந்து காதை அடைத்தது. பிறகு சட்டென்று ஓய்ந்தது.

"நிறுத்தியாச்சு மேடம்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "பூச்சும் மேல கொஞ்சம் கான்கிரீட்டும்தான் போயிருக்குது. கம்பி தெரியல."

சங்கவி அப்படியே கலைப்பிரியாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வேங்கடேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு சங்கவியின் கம்ப்யூட்டருக்குப் போய் ஏதோ பார்த்தார். திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது.

"பின் எடுத்தது உன் சிஸ்டம்ல இருந்து சங்கவி. செவ்வாக்கெழம மத்தியானம். டிராயிங் போனதும் உன் பேர்ல."

அவளுக்கு நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை கலைப்பிரியாவின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. "என் சீட்ல உக்காந்து பண்ணு" என்று எழுந்துகொடுத்துவிட்டு, சங்கவி பக்கத்து மேஜையில் வேறு வேலை பார்த்தாள். மறுநாள் டிராயிங்கை அனுப்பும்போது, பின் குத்தியிருக்கிற தைரியத்தில் அந்த மூலையை அவள் மறுபடி பார்க்கவும் இல்லை.

"யார் பண்ணதுன்னு தெரியணும்மா" என்றார் வேங்கடேசன். "சென்னை கன்சல்டன்ட் இன்னைக்கே கேப்பாங்க. யாரா இருந்தாலும் இந்த ஜாப்ல இருந்து எடுத்துட்டேன்னு நான் பதில் சொல்லணும். அடுத்த மாசம் செக்கிங் பொறுப்ப உனக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். நீ பண்ணியிருக்க மாட்டேன்னுதான் நெனக்கறேன். ஆனா நீ சொல்லு."

"நான் சைட்டுக்குப் போய் நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன் சார்" என்றாள் சங்கவி. ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துப் பையில் வைத்தாள்.

* * *

திண்டிவனம் பஸ்ஸில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது வெள்ளரிப்பிஞ்சு விற்பவள் ஜன்னலைத் தட்டியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

காதல் என்றால் ரயிலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தன்னிடம் ஏன் மறைத்தாள்? தோழி என்று நினைத்துக்கொண்டிருந்தது தான் மட்டும்தானா? கலைப்பிரியாவின் இடத்தில் இருந்து யோசித்துப் பார்த்தாள். அண்ணியிடம் சொன்னால் அண்ணி என்ன செய்வாள்? யாரிடமும் சொல்ல மாட்டாள். அதே சமயம் யாரிடமும் எதிர்த்தும் பேச மாட்டாள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் சங்கவி யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அப்படிப்பட்டவளிடம் சொல்லி என்ன ஆகும்?



ஆஸ்பத்திரி பைபாஸை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. இரண்டாம் மாடியில் அவளுக்காக ஒருவன் காத்திருந்தான். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி நின்றான்.

"அலெக்ஸ்ங்க" என்றான்.

முதலில் பீமைப் பார்த்தார்கள். பில்லரை ஒட்டி வட்டமாகப் பெயர்ந்திருந்தது. அவன் சொன்னது சரி. கம்பி வரைக்கும் போகவில்லை. சங்கவி விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினாள். சிமெண்ட் தூசி இன்னும் சூடாக இருப்பது போல் அவளுக்குத் தோன்றியது.

"தப்பு எம்மேலதான்க்கா." மேடம் அதற்குள் அக்கா ஆகியிருந்தாள். "அந்தாண்ட பாருங்க, அந்த பீம டிராயிங்ல இருக்கறதவிட எறக்கிப் போட்டுட்டாங்க. டக்ட் போவாது. நடராசன் சார் எழுதிக் குடுன்னாரு. எழுதிக் குடுத்தா சென்னைக்குப் போய் வர்றதுக்குள்ள என் ஆளுங்க வேலயில்லாம உக்காந்திருப்பாங்க. அதான் கலைகிட்ட, டக்ட்ட மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக் குடுன்னேன். பைப்பும் கூடவே போவும்னு நான் யோசிக்கல."

"பின் இருந்ததால நகரல. அதனால பின்ன எடுத்திருக்கா. எடுக்கறதுக்கு முன்னால எதெல்லாம் கூட வரும்னு பாத்திருக்கணும். அவளுக்கு அது தெரியும். தெரிஞ்சும் பாக்கல."

"எனக்காகக் கலை ஜல்தியில பண்ணியிருக்கும். அத ஒண்ணும் சொல்லாதீங்கக்கா."

சைட்டுக்கு டீ வந்தது. தூக்குப் பாத்திரத்தில் இருந்து பேப்பர் கப்பில் ஊற்றி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். அலெக்ஸ் ஒன்றை வாங்கி அவளிடம் நீட்டினான்.

"உங்கள எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. எங்கம்மா பேரு சவுரியம்மா. உங்க கொல்லிக்குத்தான் மல்லாட்ட புடுங்க வரும்."

சங்கவியின் கை கப்போடு அப்படியே நின்றது.

சவுரியம்மாள். சிரித்தால் முகமெல்லாம் சுருங்குகிற, பொடி போடுகிற சவுரியம்மாள். போன நிலக்கடலை அறுவடையில் அவளும் மற்றப் பெண்களும் மல்லாட்டை மூட்டையோடு வீடு வரைக்கும் வந்தார்கள். வீரம்மாள் அவர்களைத் தோட்டத்துப் பக்கம் உட்காரச் சொல்லித்தான் டீ கொடுத்தாள். அவர்களுக்கென்றே பேப்பர் கப் ஒரு கட்டு அலமாரியில் தனியாக இருக்கும். "கழுவற வேல மிச்சம்" என்பாள் மாமியார். வேறு யார் வந்தாலும் எவர்சில்வர் டம்ளர்தான். அந்தக் கப்பில் டீ ஊற்றி எடுத்துப்போய்க் கொடுத்தது சங்கவி. அவள் யோசிக்காமல் கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. யோசித்தாள், பிறகும் கொடுத்தாள்.

"ஓடிப்போற எண்ணம் ரெண்டு பேருக்கும் இல்லக்கா" என்றான் அலெக்ஸ். "கலையோட அப்பாகிட்ட நேரா வந்து கேக்கறேன்னு சொன்னேன். கலைதான் பயந்துக்கினு இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிக்கினே வந்துது. அதும்மேலயும் தப்பு சொல்ல முடியாது. எனக்கு ஒண்ணுன்னா பரவால்ல. எங்கம்மா உங்க கொல்லி இருக்கற ஊர்லதான் இருக்குது."

மணிமாறனின் கோபம் அவளுக்குத் தெரியும். மணிமாறன் சொன்னால் கூட வருகிறவர்களையும் தெரியும்.

"டேப் வெச்சிருக்கீங்களா? அந்த பீம் எவ்ளோ எறங்கியிருக்குன்னு அளந்து சொல்லுங்க" என்றாள்.

ஒரு மரப்பெட்டியின்மேல் லேப்டாப்பைத் திறந்தாள். ஏ.சி. பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து முதல் வேலையாகப் பின் குத்தினாள். டிரெயின் பைப் தானாக வந்து அதற்கென்று விட்டிருந்த ஓட்டையில் சேர்ந்துகொண்டது. பிறகு டக்ட்டைப் பெட்டியிலிருந்து கழற்றினாள். இப்போது டக்ட்டை மட்டும் இழுத்தபோது வேறு எதுவும் அசையவில்லை. அலெக்ஸ் சொன்ன அளவுக்குத் தள்ளி நிறுத்தினாள். டக்ட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே விழுந்த இடைவெளியில், வளைந்து போகிற ஒரு சிறிய துண்டைப் பொருத்தினாள்.

"இந்த வளைவு தகரத்துல வருமா?"

அவன் குனிந்து பார்த்தான். "வரும்க்கா. பட்டறையில சொன்னா நாளைக்குள்ள பண்ணிக் குடுத்துடுவாங்க."

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்த வேலை. செவ்வாய்க்கிழமை பக்கத்து மேஜையில் இருந்த அண்ணியைக் கூப்பிட்டு, "இத எப்படி நகர்த்தறது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்டால், யாருக்காக, எதற்காக என்று அண்ணி கேட்பாளே என்ற பயம்.

வேங்கடேசனுக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். "நல்லதும்மா" என்றவர், "யாருன்னு கேட்டேனே?" என்றார்.

"சாயங்காலம் வூட்ல இருந்து சொல்றேன் சார்."

* * *

வீட்டில் கேசரி வாசனை தெருவரைக்கும் வந்தது. மணிமாறன் பழம் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தான். வீரம்மாள் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்த. மேல போயி அவளுக்குப் பூ வெச்சு வுடு. மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு உக்காந்திருக்கா. பேஜாரு புடிச்ச பொண்ணு."

மாடி அறையில் கலைப்பிரியா அரக்குப் பட்டு உடுத்திக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மல்லிகைச் சரம் வாழையிலையோடு அப்படியே கிடந்தது. சங்கவி கதவைச் சாத்தினாள்.

"அலெக்ஸப் பாத்துட்டு வர்றேன் கலை."

சங்கவி ஒன்றுவிடாமல் சொன்னாள்: போன், மிஷின், பீமில் இருந்த பள்ளம், பின், வேங்கடேசன் சொன்னது.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே அண்ணி?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சங்கவி அழவிட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"நான் யோசிச்சுட்டேன். சிஸ்டம் என்னுது. டிராயிங் அனுப்புனதும் நானு. நான்தான் பின் எடுத்தேன்னு சார்கிட்ட சொல்லிடறேன். உம்பேர் வெளிய வந்தா, எதுக்குப் பண்ணன்னு கேப்பாங்க. அலெக்ஸ் பேர் வரும். உங்கண்ணன் காதுக்குப் போவ எவ்ளோ நேரம் ஆவும்? மொதல்ல இன்னைக்குத் தாண்டு."

"செக்கிங் பொறுப்பு உங்களுக்குத் தர்றேன்னாரே?"

"வந்தா வருது, இல்லன்னா போவுது."

கலைப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணியை நேராகப் பார்த்தாள்.

"வாணாம் அண்ணி. நீங்க எதுக்கும் வாயத் தொறக்காம இருக்கறதால இந்த வூட்ல எல்லாருக்கும் வசதி. எனக்கும் வசதியாத்தான் இருந்துது. போதும்."

சங்கவிக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் தான் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி, இப்போது வேறு குரலில் வந்தது.

அவள் தடுப்பதற்குள் கலைப்பிரியா போனை எடுத்து வேங்கடேசனை அழைத்தாள். அண்ணிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின்மேல் வைத்தாள்.

"சார், கலைப்பிரியா பேசறேன். ஆஸ்பத்திரி ஜாப்ல பின் எடுத்தது நான்தான் சார். அண்ணி சீட்ல உக்காந்து பண்ணேன். அவங்களுக்குத் தெரியாது."

அவர் கேட்டார்: "யாரு சொல்லிப் பண்ண?"

"டக்ட் போவலன்னு அலெக்ஸ் கேட்டாரு. எழுதி வாங்காம பண்ணது என் தப்பு. என்ன ஜாப்ல இருந்து எடுத்துடுங்க சார். அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க."

"எடுக்கறது அப்பறம் இருக்கட்டும்." வேங்கடேசனுக்குக் கோபம் ஏறியது. "சைட்ல இருந்து ஒருத்தன் போன்ல கேட்டா நீ பண்ணிடுவியா? பில்லரே போயிருக்குமே! அவன் உனக்கு யாரு?"

அது கோபத்தில் கேட்கிற கேள்வி. பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. ஆனால் கலைப்பிரியா பதில் சொன்னாள்.

"நான் கட்டிக்கப் போறவரு சார்."

சொன்ன பிறகு அவளே திகைத்துப்போய் வாயில் கை வைத்துக்கொண்டாள். "சரிம்மா... நாளைக்குப் பேசலாம்" என்று மட்டும் கேட்டது. இணைப்பு அறுந்தது.

சங்கவி திரும்பினாள். சாத்திய கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளை வேட்டி, புதுத் துண்டோடு சீனுவாசன் நின்றுகொண்டிருந்தார்.

விருந்தாளிகள் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்ல வந்தவர். மகளைப் பார்த்தார்.

"எந்த அலெக்ஸு?"

குரல் உயரவில்லை.

கலைப்பிரியா எழுந்து நின்றாள்.

"சவுரியம்மா பையன்பா."

சீனுவாசனின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். "வாங்க வாங்க" என்று மணிமாறனின் உற்சாகமான குரல். வளையல் ஓசையும் செருப்பு கழற்றும் ஓசையுமாகக் கூடம் நிறைந்தது. அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. அவங்க வூட்டு உப்பத் தின்னுட்டு இப்படிப் பண்றியேடான்னு ரெண்டு நாள் சாப்புடாம இருந்துச்சாம்."

சீனுவாசன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வெட்கமா, இரண்டும் இல்லாத வேறு எதுவுமா என்று சங்கவியால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் சரியாகப் பார்த்ததே இல்லையோ என்றிருந்தது.

"சங்கவி!" கீழிருந்து வீரம்மாள் கூப்பிட்டாள். "கலைய கூட்டிக்கினு வா!"

சீனுவாசன் நிமிர்ந்தார். "நான் குரல் குடுக்கறவரைக்கும் இவ கீழ வர வாணாம்" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படியிறங்கினார். கதவை அவரே சாத்திவிட்டுப் போனார்.

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்கள். நலம் விசாரிப்புகள். மழை பெய்ததா என்ற கேள்வி. யாரோ சிரித்தார்கள். பிறகு மணிமாறன், "அப்பா, கலைய வரச் சொல்லலாமா?" என்றான்.

"இருப்பா" என்றது சீனுவாசனின் குரல். "மொதல்ல இவங்ககிட்ட நான் கொஞ்சம் பேசணும்."

கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

"அப்பா இன்னா சொல்லப் போறாரு அண்ணி?" கலைப்பிரியாவின் விரல்கள் சங்கவியின் மணிக்கட்டில் அழுந்தின. "கல்யாணத்த ஜல்தியா முடிச்சுடலாம்னு சொல்லிடுவாரா? இல்ல..."

மாமனார் வரவேண்டாம் என்றிருக்கிறார். அவர் சொல்லி இதுவரை அவள் மீறியதில்லை. கீழே யாரோ செருமினார்கள். சீனுவாசன் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.

அவள் எழுந்து, நாத்தனாரின் கையை விடாமலேயே, கதவைத் திறந்தாள்.

"வா, கீழ போவலாம்."

"அப்பா இன்னும் கூப்புடலியே அண்ணி?"

"ஒன்னப் பத்திப் பேசப்போற பேச்சு கலை. நீ இல்லாம எதுக்குப் பேசணும்?" என்றாள் சங்கவி. "மணிமாறன்கிட்ட நான் பேசிக்கறேன்."

கணவனின் பெயரை அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. படியில் அவர்களுடைய காலடி கேட்டதும், கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் மேலே திரும்பின.